சீ மொந்தரின் கொழுத்த எலிகள்

1

இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்திலிருந்து பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பு ஒன்றை ஏற்பாடு செய்து கொடுக்கலாமா என்று பார்த்தேன். மழை பெய்த ஒரு மாலையில் யாரோ சொன்னார்கள், பல காலமாக மனத்தை அரித்தது என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. இங்கே மழையும் அவ்வளவாகப் பெய்வதில்லை.

தெற்குத் துனீசியாவில், கடலோரத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவியல் புலத்தில் வேலை பார்க்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்வதாயில்லை. சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது. அரபியில் யோசித்து, பிரெஞ்சில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் கட்டுரை வெளியிட வேண்டிய விஞ்ஞானிகளின் வாக்கியங்களைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடத்துக்கென்று வந்தவன். இப்போது யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்பதில்லை. என்ன ஆச்சு என் கட்டுரை என்றுதான் கேட்கிறார்கள்.

ஒருநாள் புலத்தலைவர் மொந்தர் கூப்பிட்டனுப்பினார்.

"உஸ்தாத், நம்ம உயிர் அறிவியல் ஆராய்ச்சி எவ்வளவு பரந்து கிடக்குன்னு இணையத்துல ஒரு பக்கம் போடணும். தலைப்பு நானே யோசிச்சுட்டேன். 'மூலக்கூறு முதல் பாலைவனம் வரை.'"

"நடுவுல என்னென்ன இருக்கு, சீ மொந்தர்?"

"அதைத்தான் நீங்க எழுதணும்."

(இங்கே ஒரு விளக்கம். 'உஸ்தாத்' என்றால் வாத்தியார். இந்த நாட்டில் மதிப்புக்குரிய ஆண்பிள்ளையின் பெயருக்கு முன்னால் 'சீ' என்று சேர்ப்பார்கள். நம் ஊர் 'திரு' மாதிரி. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும் என்பது எனக்குத் தெரியும். 'ஸீ' என்று எழுதித் தப்பித்திருக்கலாம். தப்பிக்க விரும்பவில்லை.)

பக்கத்தை ஒரே பிற்பகலில் எழுதி முடித்தேன். அதில் ஆராய்ச்சி நிறைய இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவரும் இல்லை. பாத்திரத்தில் கொள்ளாமல் வழிந்ததைத்தான் இங்கே தமிழில் பிடித்து வைக்கிறேன். தமிழில் எழுதுவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்கள் புலத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

2

தொடக்கம்தான் தகராறு.

முதலில் இப்படி எழுதினேன்: "உப்புச் சமவெளியில் பொழுது புலர்ந்துகொண்டிருந்தது. தொலைவில் ஒரு பெண் குனிந்து, பனி படர்ந்த செடிகளை ஒவ்வொன்றாக" என்று போய், நிறுத்திவிட்டேன். நாட்காட்டிப் படம். எங்கள் புலத்தில் எலி ஆராய்ச்சி செய்கிற சிஹெம் ஒருநாளும் பொழுது புலரும்போது செடி பறிக்கப் போனதில்லை. பத்து மணிக்குமேல், தக்காளியும் வெங்காயமும் நாறுகிற தன் அக்கா வீட்டுக்காரரின் வண்டியில், பின்சக்கரத்தில் காற்று இல்லை என்று திட்டிக்கொண்டே போவாள்.

இரண்டாவது: "உயிர் என்றால் என்ன என்ற கேள்வியை மனித குலம் கேட்கத் தொடங்கிய நாள்முதலாக" — இது இணையப் பக்கத்தின் வாக்கியம். வழிதவறி இங்கே வந்துவிட்டது.

[உயிர் அறிவியலில் உயிரும் உண்டு, மெய்யும் உண்டு என்று தமிழில் சுலபமாக ஒரு சிலேடை பண்ணலாம். பண்ணவில்லை.]

மூன்றாவதாக எலியிலிருந்து தொடங்குகிறேன். எலி பொய் சொல்லாது.

மணல் எலி என்று ஒரு பிராணி. சாதாரண எலியைவிடக் கொஞ்சம் பெரியது, உருண்டையானது, மணல் நிறம், வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். இந்தப் பக்கத்து உப்புச் சமவெளிகளில் வளை தோண்டி வாழ்கிறது. வேறு எந்தப் பிராணியும் முகம் சுளிக்கும் உப்புச்செடியைத்தான் அது தின்னும். இலையின் மேல்தோலைப் பல்லால் சுரண்டி உப்பை உதிர்த்துவிட்டு, உள்ளே இருக்கிற சாற்றோடு மெல்லும். அதைத் தின்று நன்றாக இருக்கும். அதைப் பிடித்துவந்து, மற்ற ஆய்வக எலிகளெல்லாம் ஆசையாகத் தின்கிற சத்தான தீவன உருண்டையைக் கொடுத்தால், சில வாரங்களில் கொழுக்கும். சர்க்கரை வியாதி வரும். பிறகு கண்ணில் புரை விழும். பிறகு சாகும். நல்ல சாப்பாட்டினால் சாகிற பிராணி.

"இதை வச்சு உவமை கிவமை பண்ணிடாதே" என்று சிஹெம் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "எல்லாரும் பண்றாங்க. மனுஷன், பேராசை, நாகரிகம்னு. அது எலி. எனக்கு எலியாவே வேணும்."

ஆகவே எலி.

சிஹெமைப் பற்றி: நாற்பத்தோரு வயது, உதவிப் பேராசிரியை, கல்யாணம் ஆகவில்லை என்பதை ஊரே அவளைவிடத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு கூட்டம் எலிகள் வைத்திருந்தாள். ஒரு கூட்டத்துக்குத் தீவன உருண்டை. இன்னொரு கூட்டத்துக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, உப்புச்செடி மட்டும். ஒன்று நோயாளிக் கூட்டம், ஒன்று ஆரோக்கியக் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் உடம்புக்குள் எது முதலில் நொடித்துப்போகிறது என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. இரண்டு வருட வேலை. முடிய இன்னும் ஒரு பருவம் இருந்தது. அதை வைத்துத்தான் அவள் பதவி உயர்வு. அதை வைத்துத்தான் அவளிடம் படிக்கிற பெண்ணின் முனைவர் பட்டம்.

3

எங்கள் ஆராய்ச்சியின் பரப்பைப் பற்றிச் சொல்லாமல் போனால் மொந்தர் வருத்தப்படுவார்.

பேரீச்சையைக் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கடற்பாசியில் புற்றுநோய் மருந்து தேடுபவர்கள் இருக்கிறார்கள். இதுவரை பாசி கிடைத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றில் சுகமாக வாழும் கிருமிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, ஏன் செத்தன என்று கட்டுரை எழுதியவர் ஒருவர் இருக்கிறார். உயிருள்ள எதையும் தொடாமல் கணினியில் புரதங்களை மடித்து மடித்து வைக்கிற ஒருவர், துணி மடிக்கிற பொறுமையோடு. தேள்விஷம் கறக்கிற லொத்பி. இத்தனைக்கும் மேலே மொந்தர். இளமையில் பிரான்சில் ஒலிவ மரத்து மகரந்தத்தைப் பற்றி ஆராய்ந்தவர். அதன்பிறகு அவர் பொறுப்பில் இருந்த ஒரே உயிர் அவர் மேசைச் செடி. அது பிளாஸ்டிக் என்று தூசி தட்டும்போதுதான் தெரிந்தது.

அந்த இலையுதிர் பருவத்தில் தலைநகரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் முனைவர் பட்டப் படிப்பு நடத்தும் அங்கீகாரம் போய்விடும். மொந்தர் எல்லோரையும் கூட்டிவைத்தார். புதுக் கட்டடம் தயார், எல்லா ஆய்வகங்களும் அங்கே ஒரே கூரைக்கடியில் போகின்றன என்றார்.

"வர்றவங்க ஒரே ஒரு கதவைத் திறக்கணும். உள்ள பார்த்தா மூலக்கூறுலேருந்து பாலைவனம் வரைக்கும் வரிசையா நிக்கணும்."

"தேளும் எலியும் பக்கத்துப் பக்கத்துலயா, சீ மொந்தர்?" என்று லொத்பி கேட்டான்.

"ஆமா. ஒருங்கிணைந்த ஆராய்ச்சின்னா வேற என்ன?"

"கூண்டு திறந்துகிட்டா நிஜமாவே ஒருங்கிணைஞ்சிடும். அதான் கேட்டேன்."

சிரிப்பு அடங்கியதும் சிஹெம் எழுந்தாள். "என் எலிங்களுக்குத் தினம் புதுச்செடி வேணும். அது மண்ணோட வரும், உப்போட வரும். கூண்டுக்கு வெளிய கொட்டும்."

"அந்தத் தரை இத்தாலியிலேருந்து வந்திருக்கு, மதாம் சிஹெம்."

"எலி இங்கேருந்தே வந்திருக்கு, சீ மொந்தர்."

மொந்தர் தண்ணீர் குடித்தார். அடுத்தது வாகனம் நிறுத்துமிடம் பற்றி என்றார்.

4

சிஹெமின் அம்மா ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் இருந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. இரண்டு கண்ணிலும் புரை.

[இந்த இடத்தில் உங்கள் புருவம் உயர்வது எனக்குத் தெரிகிறது. எலிக்கும் புரை, அம்மாவுக்கும் புரை, ஆசிரியருக்குக் கைவரிசை. அப்படி யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று முதல் வரைவில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு வைத்தேன். இடுப்பெலும்போடு அவள் நான்கு பக்கம் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. புரையைத் திருப்பிக் கொடுத்ததும் பேசத் தொடங்கிவிட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதினால் கதை கட்டினதுபோல இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய.]

கண் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு நாள் போதும் என்று சொல்லியிருந்தார்கள். சிஹெம் ஒரு வாரத்துக்கு வேண்டிய செடியை ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, தீர்ந்தால் அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னால் வண்டி வரும் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்து, லொத்பியிடம் கூண்டுகளை ஒப்படைத்தாள். லொத்பி பாதி ஆயுளைத் தேள்களோடு கழித்தும் ஒருமுறைகூடக் கொட்டுப்படாதவன். அவனைவிடக் கவனமானவர் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

"வலது பக்கம் செடி, இடது பக்கம் உருண்டை. மாத்திடாதே."

"தங்கச்சி, நான் கறுப்புத் தேளையும் மஞ்சள் தேளையுமே மாத்தினதில்லை."

ஸ்ஃபாக்ஸில் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்றார் மருத்துவர். சர்க்கரை இறங்கவில்லை. மருந்தை ஏற்றினார்கள், அப்போதும் இறங்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொடுத்த பேரீச்சம்பழத்தை அம்மா தலையணை உறைக்குள் வைத்திருந்தது இரண்டாவது வாரம் தெரிந்தது.

"ஏம்மா இப்படிப் பண்றே?"

"வாங்கி வச்சிக்கலைன்னா மனசு கஷ்டப்படுவாங்க."

"வாங்கி வச்சது சரி. யாரு தின்னது?"

"நீ ஊர்ல எலியைக் கூண்டுல போட்டுப் பார்க்கிறியே, அதுங்களையும் இப்படித்தான் கேள்வி கேப்பியா?" அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டாள். "அதுங்களுக்கு என்ன வியாதிடி?"

"உனக்கு இருக்கிறதுதான்."

"பாவம். அதுங்களுக்கு யாரு பேரீச்சம்பழம் கொண்டுவந்து குடுத்தா?"

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு கண்ணில் கட்டை அவிழ்த்த அன்று அம்மா சிஹெமை உற்றுப் பார்த்து, இவ்வளவு நரைச்சிடுச்சா உனக்கு என்று கேட்டாள். சிஹெம் அன்றே பலர் பங்கு போட்டு ஏறும் வாடகை வண்டி பிடித்து ஊர் திரும்பினாள். லொத்பி தினமும் தொலைபேசியில் 'எல்லாம் நல்லா இருக்கு' என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

5

எல்லாம் நல்லா இருந்தது. அதுதான் சங்கடம்.

பழைய அறை காலி. புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில், இத்தாலியத் தரைக்கு மேல், பளபளக்கிற புதுக் கூண்டுகளில் எலிகள் வரிசையாக இருந்தன. வலதும் இடதும் இல்லை. எல்லாம் ஒரே வரிசை. எல்லாக் கூண்டிலும் ஒரே தீவன உருண்டை. ஓர் இலை இல்லை, ஒரு துளி மண் இல்லை. செடி தின்ற எலிகளைக் காதிலிருந்த அடையாள வளையத்தை வைத்துத்தான் சிஹெமால் கண்டுபிடிக்க முடிந்தது. ஒன்றைக் கையில் எடுத்தாள். போகும்போது கைக்குள் அடங்கிய பிராணி, இப்போது விரலிடுக்கில் பிதுங்கியது. தண்ணீர்ப் புட்டிகள் பாதி காலியாக இருந்தன. செடி தின்கிற மணல் எலி அவ்வளவு தண்ணீர் குடிக்காது.

பக்கத்து அறையிலிருந்து லொத்பி வந்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"யாரு மாத்தினது?"

"கண்ணு நல்லாத் தெரியுதா இப்போ?"

"லொத்பி. யாரு மாத்தினது?"

"மேலேருந்து உத்தரவு. நீ போன மறுநாளே. செடி உள்ள வரக்கூடாது, தரை கெடுதுன்னு. உருண்டை மூட்டையை அவரே ஆள் வச்சு அனுப்பிட்டாரு."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன் தங்கச்சி. சத்தியமாச் சொன்னேன்." அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "மெதுவாச் சொன்னேன்."

"தினம் எனக்குப் போன்ல நல்லா இருக்குன்னு சொன்னியே."

"ஆஸ்பத்திரியில இருக்கிறவகிட்ட வேற என்ன சொல்றது?"

அவன் அறைக்குள் புத்தம்புதுக் குளிர்சாதனம் ஓடுகிற சத்தம் கேட்டது. பல வருடமாக அவன் தேள்களுக்காகக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது.

(லொத்பியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரைவில் அவனைத் துரோகி ஆக்கினேன். அடுத்த நாள் காலை சிற்றுண்டிக் கடையில் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, தேள்களுக்கு இப்போது தூக்கம் நன்றாக வருகிறது என்றான். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். அவன் கோழை என்று இன்னொரு வரைவு. கோழை தேளைக் கையில் பிடிக்க மாட்டானே. மனிதருக்கு முன்னால் மட்டும் கோழை என்று எழுதலாம். அப்படி எழுதினால் நானும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுவேன். ஆகவே அவன் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு விலகிக்கொள்கிறேன்.)

சிஹெம் நேராக மூன்றாம் மாடிக்குப் போனாள்.

"எலியைப் பார்த்தீங்களா, மதாம் சிஹெம்?" மொந்தர் எழுந்தே நின்று வரவேற்றார். "முன்னாடி பாதி எலி எலும்பும் தோலுமா இருந்துச்சு. இப்போ எல்லாம் ஒரே சீரா இருக்கு."

"முன்னாடி பாதி எலி ஆரோக்கியமா இருந்துச்சு. இப்போ எல்லாத்துக்கும் வியாதி."

"வியாதிக்காரன் இப்படியா தளதளன்னு இருப்பான்? என்னைப் பாருங்க, எனக்கு வியாதியா?"

சிஹெம் அவர் வயிற்றைப் பார்த்தாள்.

"குழு வர்ற நேரத்துல மெலிஞ்ச எலி நின்னா, இவங்க எலிக்கே சோறு போடலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நான் புலத்தைத்தான் பார்க்க முடியும்."

"ரெண்டு வருஷ வேலை போச்சு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எலி இல்லை என்கிட்ட."

அவர் குரலைத் தாழ்த்தினார். இந்த இடத்தில் அவர் கெட்டவராக இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும், நிஜமாகவே கவலைப்பட்டார். "போனது போச்சு. இந்த வாரம் குழு வருது. அங்கீகாரம் போச்சுன்னா இந்த வருஷம் ஒரு பிள்ளையும் பதிய முடியாது, உங்ககிட்ட படிக்கிற பொண்ணு உட்பட. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்த அளவு இருக்குமே. அதைக் காட்டுங்க. பொய் ஒண்ணும் இல்லையே. அன்னைக்கு அது உண்மைதானே?"

6

இங்கே கதையை நிறுத்தி வைக்கிறேன். நிறுத்தி வைத்துவிட்டு உங்களுக்கு முடிவுகளைக் காட்டுவது இந்த மாதிரிக் கதைகளின் வழக்கம். துணிக்கடைக்காரர் மாதிரி.

ஒரு முடிவு: சிஹெம் பழைய அளவுகளைக் காட்டுகிறாள். குழு தலையாட்டுகிறது. மாணவி பதிகிறாள், சிஹெமுக்கு உயர்வு வருகிறது, கட்டுரை வெளியாகிறது, நான் அதன் ஆங்கிலத்தைத் திருத்துகிறேன். உலகத்தில் அதிகம் நடக்கிற முடிவு இதுதான் என்பதால் கதையில் யாரும் இதை விரும்புவதில்லை.

இன்னொரு முடிவு: அவள் கூண்டுகளை வண்டியில் ஏற்றி, உப்புச் சமவெளிக்கு ஓட்டிப்போய், ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்துவிட, கொழுத்த எலிகள் அஸ்தமனச் சூரியனை நோக்கி— இல்லை. சர்க்கரை ஏறிய எலி சூரியனை நோக்கி ஓடாது. நாலடி நடந்து உட்கார்ந்துவிடும். நரிக்குத்தான் திருப்தியான முடிவு.

மூன்றாவது முடிவில் அவள் ராஜினாமா செய்து பிரான்சுக்குப் போகிறாள். இதை என்னிடம் பரிந்துரைத்தது அவளுடைய அக்கா. 'உங்க கதையிலயாவது அனுப்பி வையுங்க' என்றாள்.

குழு வருவதற்கு முந்தைய நாள் சிஹெம் என் அறைக்கு வந்து, மறுநாள் காட்டவேண்டிய படங்களின் ஆங்கிலத்தைப் பார்க்கச் சொன்னாள். எல்லாம் பழைய அளவுகள். நான் இரண்டு காற்புள்ளிகளை மாற்றினேன். அவள் போகும்போது, "காற்புள்ளி மட்டும்தான் தப்பா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

7

மூன்று பேர் வந்தார்கள். குழுவின் தலைவி பேராசிரியர் ஸக்கியா, குள்ளமாக, கைத்தடியோடு, யார் பேசினாலும் அவர்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறவள். பேரீச்சம்பழம் வைத்துச் செய்யும் மக்ரூத் இனிப்பும் பாதாம் பலகாரமும் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. அவள் எதையும் தொடவில்லை. மொந்தர் இரண்டு முறை வற்புறுத்தினார்.

பேரீச்சைக் குழாய்களைப் பார்த்தார்கள். கடற்பாசியைப் பார்த்தார்கள். புரதம் மடிக்கிறவரின் திரையில் ஏதோ வண்ண வண்ணமாகச் சுற்றியது. எல்லோரும் மரியாதையாக நின்றார்கள். லொத்பி ஒரு தேளை இடுக்கியில் பிடித்து ஒரு துளி விஷம் எடுத்துக் காட்டினான். பிறகு எலிகளின் வரிசை.

"இது எங்க பெருமை," என்றார் மொந்தர். "பாலைவனத்துப் பிராணி. எவ்வளவு செழிப்பா இருக்குன்னு நீங்களே பாருங்க. பாதிக்கு இயற்கை உணவு, பாதிக்கு ஆய்வக உணவு. அப்படித்தானே, மதாம் சிஹெம்?"

ஸக்கியா காலணியிலிருந்து கண்ணை எடுத்து வரிசையைப் பார்த்தாள். "எது இயற்கை உணவுக் கூட்டம்?"

சிஹெமின் கையில் அன்றைக்கென்று தயாரித்த படங்கள் இருந்த கணினி இருந்தது. அவள் அதை மேசைமேல் வைத்தாள். ஒரு கூண்டைத் திறந்து, வலது காதில் செடிக் கூட்டத்து வளையம் போட்ட எலி ஒன்றை எடுத்து, துண்டில் சுற்றி, வால் நுனியில் ஊசியால் ஒரு புள்ளி குத்தி, வந்த துளியைச் சர்க்கரை பார்க்கிற மெஷினின் பட்டையில் தொட்டாள்.

மெஷினில் எண் வரவில்லை. எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள்.

மொந்தர் எட்டிப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் ஓட்டல் வரவேற்பறைகளில் கற்றது. முகம் மலர்ந்தது.

"பாருங்க, உங்களுக்கு ஹாய் சொல்றான்."

ஸக்கியா தன் கைப்பையைத் திறந்து, அதே மாதிரி ஒரு மெஷினை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எனக்கும் ரொம்ப வருஷமா இருக்கு. ஒருதடவைகூட இது என்கிட்ட ஹாய் சொன்னதில்லை. சொல்லியிருந்தா நான் இங்கே வந்திருக்க மாட்டேன்." பிறகு சிஹெமைப் பார்த்து, "இதுவா இயற்கை உணவு?"

"இல்ல. மூணு வாரமா எல்லாத்துக்கும் உருண்டைதான். நான் ஊர்ல இல்லாதப்ப மாத்திட்டாங்க. ஒப்பிட்டுப் பார்க்க என்கிட்ட இப்போ எதுவும் இல்லை. ரெண்டு வருஷத்து ஆய்வு முடிஞ்சுபோச்சு. இந்தப் படமெல்லாம்…" அவள் கணினியைக் காட்டினாள். "இது எல்லாம் போன மாசத்தோடது."

"யாரு மாத்தினது?"

சிஹெம் மொந்தரைப் பார்க்கவில்லை. லொத்பியும் பார்க்கவில்லை. குழுவில் இன்னொருவர் மொந்தரின் காலணியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

"நிர்வாகக் காரணம்," என்றார் மொந்தர். "தரை."

ஸக்கியா தரையைப் பார்த்தாள். "நல்ல தரை," என்றாள்.

8

அங்கீகாரம் கிடைத்துவிட்டது.

என்னால் நம்ப முடியவில்லை, சிஹெமாலும் முடியவில்லை. குழுவின் அறிக்கையில் கட்டடம் நன்று, கருவிகள் நன்று, ஆராய்ச்சியின் பரப்பு பாராட்டத்தக்கது என்று இருந்தது. உண்மையை ஒளிக்காத சூழல் நிலவுகிறது என்றும் ஒரு வரி. மொந்தர் அந்த வரியைப் பெரிதாக அச்சிட்டு வாசலில் மாட்டச் சொன்னார். உண்மையைச் சொல்லி எல்லாம் இடிந்து விழுந்திருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். பொய் சொல்லித் தப்பித்திருந்தாலும் ஒரு கனம் வந்திருக்கும். இரண்டும் இல்லாமல், சொன்னது காற்றில் போய், சான்றிதழ் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது.

சிஹெமுக்குப் போனது போனதுதான். பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. எலிகள் சாகத் தொடங்கின. ஒருநாள் பிற்பகல் அவளைத் தேடிப் போனேன். கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஓர் எலி. அதன் கண் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"அம்மாவுக்கு இன்னொரு கண் அடுத்த மாசம்," என்றாள். "இதுக்கு யாரு பண்றது?"

அவள் அழுதாளா என்று எழுத வேண்டிய இடம். அழவில்லை. எழுந்து கை கழுவினாள். அக்கா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வண்டி வேண்டும் என்றாள். சாயங்காலமே உப்புச்செடி வந்து இறங்கியது, மண்ணோடு, இத்தாலியத் தரையில். முன்பு செடி தின்றுகொண்டிருந்த கூட்டத்துக்கு மறுபடியும் செடி. வேறெதுவும் நினைத்து அல்ல. அவை கடைசியிலாவது தங்கள் சாப்பாட்டைத் தின்னட்டுமே என்றுதான்.

சில எலிகள் மீண்டன.

எல்லாம் அல்ல. ஒரே நாளில் உருண்டைக்கு மாறி, ஒரே நாளில் செடிக்குத் திரும்பிய எலிகளில், சிலவற்றுக்குச் சர்க்கரை மெல்ல இறங்கி இயல்புக்கு வந்தது. சில, செடியைத் தின்றுகொண்டே செத்தன. ஏன்? இதைவிட நல்ல கேள்வி இரண்டு வருடமாக அவளிடம் இருந்ததில்லை. அவளும் அவள் மாணவியும் அதன்மேல் விழுந்தார்கள். ஒரு வருடத்துக்குள் கட்டுரை தயாராகி என் மேசைக்கு வந்தது. நான் திருத்தியவற்றில் மிக நல்ல கட்டுரை அது.

மொந்தரும் வந்தார், சிஹெமிடம்.

"இந்தக் கட்டுரையில என் பேரு இருக்கணும்."

"எதுக்கு, சீ மொந்தர்?"

"யோசிச்சுப் பாருங்க. நான் மாத்தலைன்னா இந்த ஆய்வே இல்லை. பரிசோதனையைத் தொடங்கினது யாரு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். எரிச்சலான விஷயம் என்னவென்றால் அது உண்மை. மறுநாள் அவர் பெயரைச் சேர்த்துவிட்டாள். ஆனால் அந்த ஆய்விதழில் ஒரு விதி உண்டு: ஒவ்வொருவரும் இந்த ஆய்வுக்கு என்ன செய்தார் என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி எழுதி, அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். சிஹெம் திட்டமிட்டாள், அளந்தாள், எழுதினாள். மாணவி அளந்தாள், கணக்கிட்டாள். லொத்பி விலங்குகளைப் பராமரித்தான். மொந்தருக்கு சிஹெம் எழுதிய வரி இது: "முனைவர் மொந்தர் ஆரோக்கியமான விலங்குகளின் உணவை யாரையும் கேட்காமல் மாற்றினார்."

இன்று காலை மொந்தர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, ஒரு மக்ரூத் பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தார்.

"உஸ்தாத், 'யாரையும் கேட்காமல்'ங்கிறது ஆங்கிலத்துல கொஞ்சம் முரட்டுத்தனமா இல்ல? உங்க வேலைதானே இது. அர்த்தம் மாறக்கூடாது. கொஞ்சம் மெருகு."

மெருகுக்கு எனக்குப் பஞ்சமில்லை. 'சுயமாக' என்று போடலாம். 'துணிந்து' என்று போடலாம். 'முன்முயற்சி எடுத்து' என்றால் அவருக்கு ஒரு பரிசுகூடக் கிடைக்கும். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது; அதைப் புதுப்பிக்கிற கையெழுத்தும் இவருடையதுதான். சிஹெமைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கடற்பாசிக்காரர்கள் பக்கத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"நீ என்ன வார்த்தை போட்டாலும் நான் கையெழுத்துப் போட்டுடறேன். கட்டுரை வெளிய வரணும், அந்தப் பொண்ணு பட்டம் வாங்கணும். ஆனா அந்த வார்த்தை நீ போட்டதுன்னு எனக்குத் தெரியும்."

வைத்துவிட்டாள்.

ஆகவே வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது:

"முனைவர் மொந்தர் ஆரோக்கியமான விலங்குகளின் உணவை ………………… மாற்றினார்."

அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது மக்ரூத்தை எடுத்துவிட்டார். பெட்டியை என் பக்கம் தள்ளுகிறார். அந்தப் புள்ளிகள்மேல் எந்த வார்த்தையைப் போடட்டும்? நீங்களே சீக்கிரம் சொல்லுங்கள்.